தீ மூண்டால் கதவு யார் சொல் கேட்கும்?

கொழும்பின் பேரே வாவிக் கரையில் 68 மாடிகளோடு, ஏறத்தாழ 240 மீற்றர் உயரத்துக்குச் சாய்ந்து எழுகிறது 'ஒல்டெயர்' தொடர்மாடி. சற்றுத் தள்ளி, 2024இல் விருந்தினரை வரவேற்கத் தொடங்கிய 'சினமன் லைஃப்' ஹோட்டல். சிறு வீடுகளும் கடைகளும் நெருங்கிக் கிடந்த கொம்பனித்தெரு இன்று வானளாவிகளின் பேட்டை. இவற்றின் மேல்மாடிகளுக்குத் தீயணைப்பு ஏணி எட்டாது. தீ மூண்டால் முதல் சில நிமிடங்கள் கட்டடமே சமாளித்தாக வேண்டும்.

குளிரூட்டி, லிஃப்ட், நீரேற்றி அனைத்தையும் ஒரே கணினித் திரையில் கவனிக்கும் தன்னியக்க முறை இத்தகைய கட்டடங்களில் வழக்கம். கமராக்கள், அட்டை காட்டித் திறக்கும் கதவுகள், தீ அபாயமணி ஆகியவற்றையும் அதோடு இணைக்கிறார்கள்.

இணைப்பு என்ன செய்கிறது?

புகை உணரி விழித்ததும் தகவல் தீக் கட்டுப்பாட்டுப் பலகைக்குப் போகிறது. குளிரூட்டும் விசிறிகள் நிற்கின்றன; இல்லாவிட்டால் அவையே புகையை மாடிக்கு மாடி கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். படிக்கட்டுக்குள் புகை நுழையாதபடி வேறு விசிறிகள் காற்றை அழுத்தி நிரப்புகின்றன. லிஃப்டுகள் தரைத்தளத்துக்கு இறங்கிக் கதவைத் திறந்து நிற்கின்றன. தீப்பிடித்த இடத்தின் கமராக் காட்சி காவலறையில் தெரிகிறது. நீர்தெளிப்பான் மட்டும் யார் கட்டளைக்கும் காத்திராது. பொதுவாக 68 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதன் கண்ணாடிக் குமிழ் உடைந்து நீர் பாயும்.

பூட்டா, வழியா?

சிக்கல் கதவில்தான். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின் கொழும்பில் வாசல் காவல் இறுகியது. காவலுக்குக் கதவு பூட்டியிருக்க வேண்டும்; தீக்குத் திறந்திருக்க வேண்டும். பங்களாதேஷின் தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் 2012 நவம்பரில் தீப்பற்றி அபாயமணி ஒலித்தபோது, தொழிலாளரை வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள். வெளியேறும் வழிகளும் பூட்டிக் கிடந்தன. 110க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இதற்கு விடை மின்காந்தப் பூட்டு. மின்சாரம் ஓடும்வரை பிடித்திருக்கும், நின்றால் விட்டுவிடும். தீப்பலகை அந்த மின்சாரத்தைத் தனிக் கம்பி வழியே நேரடியாகத் துண்டிக்க வேண்டும். கணினி வலையமைப்பைச் சுற்றிவரும் கட்டளையை நம்பியிருக்கக் கூடாது.

யாருக்கு முதலிடம்?

தீப்பலகை சொல்வதைக் கணினி கேட்கலாம். அதன் வாயை அடைக்கும் அதிகாரம் கணினிக்கு இருக்கக் கூடாது. மென்பொருள் முடங்கினாலும் யாரேனும் ஊடுருவினாலும் மணி ஒலித்தாக வேண்டும். பலகைக்குச் சொந்த பற்றரியும் தேவை. மின்சாரமின்றி 24 மணிநேரம் விழித்திருந்து, அதன் பிறகும் 5 நிமிடம் மணி ஒலிக்க அது போதுமானதாக இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் என்எஃப்பிஏ 72 தரம். 2022இல் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நமக்கு அந்தக் கணக்கின் அருமை தெரியும்.

தொடர்மாடியில் குடியிருப்போர் அடுத்த தீப்பயிற்சியில் மணியோசையோடு திருப்திப்படக் கூடாது. கதவுகள் விடுபட்டனவா, லிஃப்ட் இறங்கியதா, படிக்கட்டு விசிறி ஓடியதா என்று முகாமைத்துவத்திடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். உண்மையாகவே தீ என்றால், கணினி பார்த்துக்கொள்ளும் என்று காத்திராமல் தீயணைப்புப் படையின் 110 இலக்கத்தை அழையுங்கள்.