விடுமுறை வந்தால் ஓட்டம் நின்றுவிட வேண்டுமா?

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலும், தேவனாம்பட்டினத்துக் கடற்கரையிலும் விடியுமுன் ஓடுவோரை நாம் அன்றாடம் காண்கிறோம். காவலர் பணித் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் இளைஞரும் இளம்பெண்களும் அவர்களுள் ஒரு சாரார். சர்க்கரை நோயோ, இரத்த அழுத்தமோ கண்டபின் மருத்துவரின் அறிவுரையால் ஓட்டத்தை மேற்கொண்ட நடுவயதினர் மற்றொரு சாரார். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரிலோ, 1929-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகத்தின் நீண்ட சாலைகள் விடுதி மாணவர்களுக்கு ஓட்டக்களமாக உதவுகின்றன.

இவர்களுள் பலர் ஓட்டத்தைக் கைவிடுவது எப்போது? வேலை மிகுந்த நாள்களில் அன்று. ஓய்வு கிடைத்த நாள்களில்தான்! மே மாத விடுமுறை, தீபாவளி, கிறிஸ்து பிறப்பு விழா, உறவினர் இல்லத் திருமணம், ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் தொடங்கும் வேளாங்கண்ணித் திருவிழாப் பயணம் என ஏதேனும் ஒன்று குறுக்கிடுகிறது. "ஊர் திரும்பிய பின் பார்த்துக்கொள்ளலாம்" என்று புறப்படுகின்றனர். திரும்பிய பின்னரோ கால் கனக்கிறது, மூச்சு வாங்குகிறது. நாளை என்பது அடுத்த வாரமாகி, அடுத்த வாரம் அடுத்த மாதமாகி, ஓட்டம் பழங்கதையாகிவிடுகிறது.

உண்மையில் அந்தச் சில நாள்களில் உடல் இழப்பது எவ்வளவு? ஓட்டம் நின்ற சில நாள்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்குகிறது; ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தமும் அதனால் குறைகிறது. நன்கு பயின்றவர்கள் பயிற்சியை அறவே நிறுத்தியபோது, ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் நூற்றுக்கு 7 பங்கு குறைந்ததாக 1984-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டது. ஆகவே ஒரு வார இடைவெளி பெரும் இழப்பன்று. அதைக் கண்டு மனந்தளர வேண்டுவதில்லை. ஆயினும் சிலருக்குச் சிறு இழப்பும் பெரிதே. தமிழகக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடத்திற்குள்ளும், பெண்கள் 400 மீட்டர் தொலைவை 2 நிமிடம் 30 விநாடிக்குள்ளும் ஓடி முடித்தல் வேண்டும். 6 நிமிடம் 50 விநாடியில் ஓடும் இளைஞனுக்கு மிச்சமிருப்பது பத்தே விநாடி. மூன்று வாரச் சோர்வு அதனை விழுங்கிவிடப் போதும்.

சர்க்கரை நோயாளரின் நிலை இன்னும் கவனத்திற்குரியது. உடலுழைப்பினால் இன்சுலின் நன்கு வேலை செய்யும் பயன் ஓரிரு நாள்களே நிலைக்கும். மிஞ்சினால் மூன்று நாள். எனவேதான் தொடர்ந்து இரண்டு நாள்களுக்கு மேல் உடற்பயிற்சியின்றி இருக்கலாகாது என்று அமெரிக்க நீரிழிவுக் கழகம் அறிவுறுத்துகிறது. விருந்துண்ணும் நாள்களில் ஓட்டத்தையும் நிறுத்துவது இருபுறமும் இழப்பைத் தேடுவதாகும்.

இனி, நம்பிக்கை தரும் செய்தியைக் கேளுங்கள். வாரத்தில் ஆறு நாள் 40 நிமிடம் பயின்றவர்களை 1980-களின் தொடக்கத்தில் சிகாகோவில் ஆராய்ந்தனர். பயிற்சியை வாரம் இரண்டு நாளாகக் குறைத்தபோதும், வேறொரு சோதனையில் நாளொன்றுக்கு 13 நிமிடமாகச் சுருக்கியபோதும், பல வாரங்கள் வரை அவர்களுடைய உச்சத் திறன் குன்றவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ஓட்டத்தின் விறுவிறுப்பு மட்டும் குறையலாகாது. ஆகவே பயணத்தில் தொலைவைக் குறைக்கலாம், நாளைக் குறைக்கலாம். ஓட்டத்தை அறவே நிறுத்துவதுதான் கூடாது.

இங்கிலாந்து நாட்டு ரான் ஹில் இதற்குச் சிறந்த சான்று. 1970-இல் பாஸ்டன் மாரத்தானிலும், அதே ஆண்டு காமன்வெல்த் போட்டியின் மாரத்தானிலும் வென்றவர் அவர். 1964 டிசம்பர் முதல் 2017 சனவரி வரை, 52 ஆண்டுகளுக்கும் மேலாக, ஒரு நாளும் தவறாமல் ஓடினார். பல நாடுகளுக்குப் பயணம் செய்தும் அவர் ஓட்டம் அறுபடவில்லை. நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடவேண்டும் என்று அவர் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளவில்லை. குறைந்தது ஒரு மைல் என்பதே அவர் வகுத்துக்கொண்ட அளவு. இறுதியில் ஓடும்போது நெஞ்சில் வலி கண்டதும் நிறுத்திக்கொண்டார். அவருடைய விடாமுயற்சியோடு, நிறுத்த வேண்டியபோது நிறுத்திய விவேகத்தையும் நாம் கற்றுக்கொள்வோமாக. காய்ச்சலிலும் நெஞ்சு வலியிலும் ஓடுவது வீரமன்று.

பயணத்தில் செய்யத்தக்கவை எளியவை. ஓடும் காலணியைப் பெட்டியில் திணிக்க இடமில்லையேல் காலில் அணிந்தே புறப்படுங்கள். இரவு முழுதும் பேருந்தில் அமர்ந்து வந்த காலையில் ஓடாமல், கால்மணி நேரம் நடந்தால் போதும். சிதம்பரத்திற்கு வருவோர், வண்டிகள் பெருகுமுன் கோயிலைச் சூழ்ந்த நான்கு தேர்வீதிகளில் ஓடலாம். வழி தவறுமோ என்ற அச்சமில்லை. கடலூர்க் கடற்கரைக்கு வருவோர் ஒன்றை நினைவிற் கொள்க: உலர்ந்த மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் செலவாகும். அலை நனைத்த இறுகிய மணலே நல்லது. அதுவும் சரிவாக இருப்பதால், சென்ற வழியே திரும்பி ஓடினால் இரு கால்களுக்கும் சுமை சமமாகும். மே மாத வெயிலில் ஆறரை மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெரு நீரில் மூழ்கினால், வீட்டு மாடிப்படிகளே போதுமானவை. சர்க்கரைக்கு மருந்து உட்கொள்வோர் சட்டைப் பையில் சிறிது சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருத்தல் நலம்.

பெரிய தடை தெருவில் இல்லை. அன்பு நிறைந்த இல்லத்தில்தான் இருக்கிறது. "வந்த இடத்திலாவது கொஞ்சம் தூங்கக் கூடாதா, தம்பி?" என்று அத்தை கேட்பார். அவர் மனம் நோக மறுக்க வேண்டாம். "அரைமணியில் வந்து உங்களோடு காபி குடிக்கிறேன், அத்தை" என்று முந்தின இரவே சொல்லி வையுங்கள். அவ்வீட்டுப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பெண்பிள்ளைகள் புதிய ஊரில் தனியே ஓடலாகாது என்று வீட்டில் நிறுத்திவைப்பதைவிட, தந்தையோ தாயோ உடன் செல்வது மேல். ஓட இயலாத பெற்றோர் நடக்கலாமே!

இவ்வளவு செய்தும் ஓட்டம் விட்டுப்போயிற்றா? கவலை வேண்டாம். ஒரு வாரம் விட்டவர் வழக்கமான தொலைவை மெதுவாக ஓடித் தொடங்கலாம். மூன்று வாரம் விட்டவர் பாதித் தொலைவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவாராக. இழந்த நாள்களை ஒரே காலையில் ஈடு செய்ய முயல்வது தசைக்கும் மூட்டுக்கும் தீங்கு. ஆனால் தொடங்கும் நாளை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஊர் திரும்பிய மறுநாள் காலையே அதற்கு உகந்த நாள்.