உஷார்! அந்தப் புத்தகத்தை எழுதியது யார்?

குரோய்டன் பெற்றோரே, ஒரு நிமிடம் நில்லுங்கள். கிராமர் பள்ளி நுழைவுக்கான லெவன் பிளஸ் பயிற்சிப் புத்தகம் இணையத்தில் மலிவாய்க் கிடைக்கிறதா? அவசரப்பட்டு வாங்காதீர்கள். முதலில் எழுத்தாளர் பெயரை அழுத்திப் பாருங்கள்.

லண்டன் ரோட் பக்கம் இருக்கும் ஒரு தாய் அதைச் செய்யவில்லை. குரோய்டனில் கிராமர் பள்ளி கிடையாது. பலரையும் போல அவரும் பக்கத்து சட்டனைக் குறிவைத்து மகனைப் படிப்பித்தார். செப்டெம்பரில் பரீட்சை. கோடை விடுமுறை முழுக்க அப்படி மலிவாய் வாங்கிய ஒரு புத்தகம்தான். 40 பவுண் சப்பாத்துக்கு 15 வீதக் கழிவு போனால் விலை என்ன? பிள்ளை 34 என்று எழுதினான். விடைப் பகுதியில் 36! அம்மா பிழை போட்டார், பிள்ளை அழிறப்பரால் அழித்தான். பக்கத்துக்குப் பக்கம் இதே கதை. தாள் கிழியும்வரை அழித்தான். அழித்ததெல்லாம் சரியான விடை! "எனக்குக் கணக்கு வராது அம்மா" என்று அழத் தொடங்கிவிட்டான். டியூசன் ஆசிரியர் பார்த்த பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது.

பிறகு அந்த எழுத்தாளரின் பெயரைத் தேடினார்கள். சர்க்கரை நோய்ச் சமையல், நாய் வளர்ப்பு, காட்டுக் காளான், பிட்காயின், குடியுரிமைத் தேர்வு. எல்லாம் அதே பெயரில். எல்லாம் ஒரே ஆண்டில்!

பல துறையில் எழுதுவது குற்றமில்லை. எழுத்தாளர் தமிழ்வாணன் துப்பறியும் சங்கர்லால் கதைகளையும் எழுதினார், கட்டபொம்மனைப் பற்றி வம்புக்கு இழுக்கும் நூலும் எழுதினார். ஆனால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாய் அங்கே ஓர் ஆள் இருந்தார், சண்டை பிடிக்கலாம். இங்கே ஆளே இல்லை. செயற்கை நுண்ணறிவு இயந்திரம் எழுதுகிறது, யாரோ பெயர் ஒட்டுகிறார், நீங்கள் ஓர்டர் கொடுத்த பிறகுதான் அச்சாகிறது.

இருக்கிற ஆளின் பெயரையும் விடுவதில்லை. 2023 ஆகஸ்டில் அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஃப்ரீட்மன், தான் எழுதாத புத்தகங்கள் தன் பெயரில் அமேசானில் விற்பதைக் கண்டார். அடுத்த மாதம் அமேசான் கட்டுப்பாடு போட்டது: சொந்தமாய் வெளியிடுவோர் நாளொன்றுக்கு மூன்று புத்தகத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. நாளுக்கு மூன்று! இதற்குப் பெயர் கட்டுப்பாடாம். இயந்திரம் எழுதியதென்றால் வெளியிடுபவர் அமேசானுக்குச் சொல்லவேண்டும். வாங்கும் உங்களுக்கு அதைச் சொல்லவேண்டும் என்று விதியில்லை.

கணக்குப் பிழைத்தால் மதிப்பெண் போகும். காளான் பிழைத்தால் உயிர் போகும்! நியூயோர்க் காளான் ஆய்வுச் சங்கம் 2023இலேயே இத்தகைய புத்தகங்களைப் பற்றி எச்சரித்தது. செல்ஸ்டன் காட்டுக்கு உலாவப் போகிறவர்கள் கவனம். 'டெத் கேப்' காளானின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்டுப் பல மணிநேரம் ஒன்றும் தெரியாது. வாந்தி வரும்போது நஞ்சு ஈரலுக்குப் போய்விட்டிருக்கும்.

குடியுரிமைத் தேர்வுக்கும் அப்படித்தான். 24 கேள்வி, 18 சரியாக வேண்டும். தவறினால் திரும்பவும் 50 பவுண். டி.எஸ்.ஓ. பதிப்பகம் வெளியிடும் அதிகாரபூர்வ கையேட்டிலிருந்துதான் கேள்வி வரும். வேறெதை நம்பியும் போகாதீர்கள்.

எதைக் கண்டால் சந்தேகப்படவேண்டும்? எழுத்தாளர் எங்கே படிப்பித்தார், எங்கே வைத்தியம் பார்த்தார் என்று ஒரு வரிகூட இல்லையா? படத்தில் முகம் பொம்மைபோல வழவழப்பா? ஒரே கிழமையில் வந்து குவிந்த ஐந்து நட்சத்திரங்களா? பிரபலமான ஒருவரின் பெயரில் ஓரெழுத்து மாறியிருக்கிறதா? வாங்கவே வாங்காதீர்கள்! பதிப்பகம் என்ற இடத்தில் 'இன்டிபென்டென்ட்லி பப்ளிஷ்ட்' என்றிருந்தால் இன்னும் இரண்டு தரம் பாருங்கள். நேர்மையாக எழுதுவோரும் அப்படி வெளியிடுவதுண்டு, அதனால் அது ஒன்றை மட்டும் வைத்து ஒதுக்கவேண்டாம்.

கதரின் ஸ்ட்ரீட் மத்திய நூலகத்தில் முதலில் கேளுங்கள், இரவல் இலவசம். வாங்கிவிட்டீர்களா? இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் வேண்டாமென்று சொல்ல உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் கிறுக்கிய புத்தகத்துக்கு முழுப் பணம் கிடைக்காமல் போகலாம். பிள்ளையிடம் கொடுக்குமுன் நீங்களே வேறு தாளில் பத்துக் கணக்குச் செய்து விடைப் பகுதியோடு ஒத்துப் பாருங்கள்.