வெள்ளம் வடிந்த ஓடையில் உயிர்கள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளமும் மண்சரிவும் பதுளை மாவட்டத்தில் பல உயிர்களைப் பறித்தன. இத்தனை துயரத்துக்கு நடுவில் ஓடை மீன்களைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்கலாம். பேசத்தான் வேண்டும், மலையோடைகளின் நீரைத்தான் நம் தோட்ட லயங்களும் நம்பியிருக்கின்றன. வெள்ளத்தின் வேகம் மட்டும் ஓடையைக் கொன்றுவிடாது. பெரிய மீன்களில் பல பாறை மறைவிலும் கரையோர வேர்களுக்குள்ளும் ஒதுங்கித் தப்பும். கற்களுக்கடியில் வாழும் பூச்சிப் புழுக்கள் அடித்துச் செல்லப்பட்டாலும், சேதமடையாத கிளையோடைகளிலிருந்து வேறு புழுக்கள் மிதந்து வரும். சிறகு முளைத்த பூச்சிகளும் பறந்து வந்து முட்டையிடும். சில மாதங்களிலேயே அவை மீண்டும் பெருகத் தொடங்கும்.

பெருங்கேடு, சரிவிலிருந்து இடைவிடாமல் இறங்கும் நுண்மண்தான். ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுவரெலியாப் பக்கம் கொண்டுவந்த ட்ரவுட் மீன், சரளைக் கற்களுக்குள் முட்டையிடும். அந்த இடுக்குகளைச் சேறு அடைத்தால் பிராணவாயு கிடைக்காமல் முட்டைகள் அழியும். பூச்சிப் புழுக்களும் நம் நாட்டுச் சிறுமீன்களும் ஒதுங்கும் இடமும் அதே இடுக்குதான். ஆகவே, சுத்தப்படுத்துவதாகச் சொல்லி ஓடையை நெடுக இயந்திரத்தால் தோண்டுவது அந்த இடுக்குகளையே அழித்துவிடும். பாலத்தடியிலும் லயத்தோரத்திலும் அடைப்பை எடுக்காமல் முடியாது என்பது நியாயம்; அங்கே எடுக்கட்டும். மற்ற இடங்களில் கற்களை விட்டுவிட்டு, தேயிலை மலையின் கான்களில் மண் தங்கும் குழிகளை வெட்டி, வெற்றுச் சரிவில் புல் வளர்ப்பதே முதல் வேலை.