உஷார்! டிஸ்க் நிறைந்தால் லாக் ஃபைலில் கை வைக்காதீர்கள்!

மேலநீலிதநல்லூர் கல்லூரியில் படித்துவிட்டு சர்வர் வேலைக்குப் போன பிள்ளைகளே, இதைப் படித்த பிறகு அடுத்த கமாண்டை அடியுங்கள்! மத்தளம்பாறையிலேயே சோஹோ அலுவலகம் நடக்கிற காலம் இது. நம் ஊர்ப் பக்கம் இருந்துகொண்டே எங்கோ உள்ள டேட்டாபேஸின் உயிரைக் கையில் வைத்திருப்பவர் நீங்களாகவும் இருக்கலாம்.

நள்ளிரவில் டிஸ்க் நிறையப்போகிறது என்று அலாரம் அடிக்கிறது. தேடினால், போஸ்ட்கிரெஸின் 'பிஜி_வால்' ஃபோல்டரில் 16 எம்.பி. ஃபைல்கள் குவிந்துகிடக்கின்றன. "வெறும் லாக்தானே, பழசை அழித்துவிடலாம்" என்று கை பரபரக்கும். வேண்டாம்!

கடையில் முதலில் சிட்டையில் குறித்துவிட்டு, பிறகு பேரேட்டில் ஏற்றுவதுபோல, ஒவ்வொரு மாற்றமும் முதலில் இங்கேதான் பதிவாகிறது. சர்வர் திடீரென்று விழுந்தால் இதைப் படித்துத்தான் எழும். ரெப்ளிகாவும் இதைப் படித்துத்தான் மெயின் சர்வரோடு சேர்ந்து நடக்கிறது. இதை வெறும் லாக் என்று நினைத்து அழித்து டேட்டாபேஸையே இழந்தவர்கள் உண்டு. அதனால்தான் 'பிஜி_எக்ஸ்லாக்' என்றிருந்த பெயரையே 2017-ல், 10-ஆம் பதிப்பில் மாற்றினார்கள்.

வழக்கமாக, செக்பாயின்ட் முடிந்ததும் தேவையற்ற ஃபைல்களை போஸ்ட்கிரெஸே அகற்றிக்கொள்ளும். அகற்றாமல் குவிக்கிறது என்றால், யாருக்காகவோ காத்திருக்கிறது. ஆர்க்கைவ் கமாண்ட் தோற்றுக்கொண்டிருக்கலாம். அல்லது எப்போதோ நிறுத்திய ரெப்ளிகாவின் ஸ்லாட்டை யாரும் நீக்காமல் விட்டிருக்கலாம். போன ரெப்ளிகா திரும்பிவரும் என்று மெயின் சர்வர் ஃபைல்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். டிஸ்க் நிறைந்ததும் தானும் நின்றுவிடும். செத்த ரெப்ளிகா, ஓடுகிற சர்வரைக் கொன்றுவிடும்!

காத்திருக்காமல் அழித்தாலும் ஆபத்துதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் சுமை கூடி ரெப்ளிகா பின்தங்கியது. அது படிப்பதற்குள் மெயின் சர்வர் லாக் ஃபைல்களை அகற்றிவிட்டது, ஆர்க்கைவும் இல்லை. ரெப்ளிகாவைப் புதிதாகக் கட்டும் அவசரத்தில், பொறியாளர் ஒருவர் மெயின் சர்வரின் டேட்டாவையே அழித்துவிட்டார். சுமார் 300 ஜி.பி.யில் மிஞ்சியது ஏறக்குறைய 4.5 ஜி.பி. வழக்கமான பேக்கப்பும் வேலை செய்யவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல் காப்பாற்றியும், 6 மணி நேர டேட்டா போனது போனதுதான்.

இப்போதே செய்யுங்கள்:

• 'பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ்' பட்டியலைப் பாருங்கள். இயங்காத ஸ்லாட் யாருடையது என்று விசாரியுங்கள். இனி வேண்டாம் என்று உறுதியானால் அதற்குரிய கட்டளையால் நீக்குங்கள். ஃபைல்கள் தாமாகக் குறையும். அந்த ரெப்ளிகா மறுபடி வேண்டுமென்றால் புதிதாகத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

• 'மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்' அமைப்புக்கு வரம்பு கொடுங்கள். 2020-ல் வந்த 13-ஆம் பதிப்பு முதல் இது உண்டு. நீங்கள் தொடாவிட்டால் வரம்பே கிடையாது.

• மைஎஸ்கியூஎல் என்றால், எல்லா ரெப்ளிகாவும் எதுவரை படித்திருக்கின்றன என்று பார்த்தபின் 'பர்ஜ் பைனரி லாக்ஸ்' கட்டளையால் மட்டும் அழியுங்கள். 8.0 பதிப்பில் பைனரி லாக் 30 நாளில் தானாகக் காலாவதியாகும். அதற்கு மேல் நின்றுகிடந்த ரெப்ளிகா விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது.

• ரெப்ளிகா இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடாதீர்கள். மெயினில் தவறுதலாக அழித்த டேபிள் அங்கேயும் நொடியில் அழிந்துவிடும். எடுத்த பேக்கப் திரும்ப ஏறுகிறதா என்று இந்த வாரமே ஏற்றிப் பாருங்கள்!