கடல் தண்ணீரில் தங்கம்... நேரில் பார்த்தும் ஏமாந்த முதலீட்டாளர்கள்!

பால் மாடு வாங்கப் போகிற விவசாயி, ஒரு வேளை கறவையைப் பார்த்துவிட்டு விலை பேசுவதில்லை. முந்தின வேளை கறக்காமல் விட்டு, மடி நிறைய பாலைக் காட்டும் வியாபாரிகள் உண்டு என்பது அவருக்குத் தெரியும். தொடர்ந்து மூன்று வேளை, தன் கண் முன்னால் கறக்கச் சொல்லி, அளந்து பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுப்பார்.

அதே விவசாயி, 'மண்ணில்லா விவசாயக் குடிலில் பங்கு', 'ட்ரோன் வாங்கி எங்களிடம் விட்டால் மாத வாடகை' என்று புதுத் தொழில்நுட்பத்தின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கிற நிறுவனத்துக்கு ஒரே ஒரு தடவை போய்விட்டு வருகிறார். "ஏ.சி ரூம், கம்ப்யூட்டர், இருபது பேர் வேலை செய்யறாங்க. எல்லாத்தையும் நேர்ல பார்த்துட்டேன்" என்று சொல்லி, நகையை அடகு வைத்துப் பணத்தைக் கட்டிவிடுகிறார்.

நேரில் போய்ப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால், அது மட்டும் போதாது. 125 ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் நடந்த ஒரு கதை இதைத் தெளிவாகச் சொல்கிறது.

பெட்டிக்குள் தங்கம்

கடல் தண்ணீரில் தங்கம் கலந்திருக்கிறது என்பது பொய்யல்ல. 1872-ம் ஆண்டிலேயே சான்ஸ்டாட் என்ற வேதியியலாளர் அதை எழுதியிருந்தார். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதும் உண்மை. பொற்கொல்லர்கள் அறிந்த விஷயம் அது. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துத்தான் பிரெஸ்காட் ஜெர்னகன் என்ற கிறிஸ்தவப் போதகர் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார்.

ஒரு மரப்பெட்டி. அதற்குள் பாதரசம், ஒரு ரகசிய ரசாயனம், மின்சாரம் கொடுக்க பேட்டரி. பெட்டியைக் கடலுக்குள் இறக்கிவிட்டால், அலையோடு வருகிற தங்கத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும் என்றார். கனெக்டிகட் மாநிலம் மிடில்டவுன் நகரத்தில் நகைக்கடை வைத்திருந்த ஆர்தர் ரயன் என்பவரிடம் இந்தத் திட்டம் போனது.

ரயன் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஆள் இல்லை. சோதனை செய்து பார்க்க வேண்டும் என்றார். ஜெர்னகனும் தயங்கவில்லை. 'நீங்களே செய்து பாருங்கள், நான் பக்கத்தில்கூட வரமாட்டேன்' என்கிற தோரணையில் ஒதுங்கிக்கொண்டார். 1897-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், பிராவிடன்ஸ் நகரத் துறைமுகத்தில் இருந்த ஒரு படகுத் துறையில் சோதனை நடந்தது. ரயனும் அவருடைய கூட்டாளிகளும் தங்கள் பாதரசத்தையே பயன்படுத்தினார்கள். பெட்டியைக் கடலில் இறக்கிவிட்டு, நடுங்குகிற குளிரில் விடிய விடியக் காவல் இருந்தார்கள். காலையில் தூக்கிப் பார்த்தால், பாதரசத்தில் தங்கம் இருந்தது. பரிசோதித்ததில் அசல் தங்கம் என்றே தெரிந்தது.

அவர்கள் பார்க்காத ஓர் இடம் இருந்தது. அது தண்ணீருக்கு அடியில்! ஜெர்னகனின் சிறுவயது நண்பரான சார்லஸ் ஃபிஷர் முக்குளிக்கும் வேலை தெரிந்தவர். இரவோடு இரவாகக் கடலுக்கு அடியில் வந்து, பெட்டியில் தங்கத்தைச் சேர்த்துவிட்டுப் போனார். மேலே காவல் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

ஊரே நம்பியது

அந்தச் சோதனையை நம்பி, 1897-ம் ஆண்டிலேயே நிறுவனம் தொடங்கப்பட்டது. கனடா எல்லையை ஒட்டி மெய்ன் மாநிலத்தில் இருக்கும் லூபெக் என்ற கடற்கரை ஊரில் ஆலை வந்தது. அங்கே கடல் ஏற்றமும் இறக்கமும் சுமார் 20 அடி இருக்கும் என்பதால், தண்ணீர் நன்றாகப் பாயும் என்று காரணம் சொன்னார்கள். பழைய மாவு மில் ஒன்று தங்க ஆலையாக மாறியது. வரிசை வரிசையாகப் பெட்டிகள் கடலில் இறங்கின. எடுத்த தங்கம் பாஸ்டன் நகர அலுவலகத்துக்குப் போனது. அப்போது கிளாண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்த செய்தியால் அமெரிக்காவே தங்க மோகத்தில் இருந்த நேரம். ஒரு பங்கு ஒரு டாலர் என்பதால், சாதாரணக் குடும்பத்தினரும் சேமிப்பை எடுத்துப் பங்கு வாங்கினார்கள். இரண்டாவது ஆலை கட்ட நூற்றுக்கணக்கான ஆட்கள் வேலைக்கு வந்தார்கள்.

போய்ப் பார்த்தவர்கள் கண்ணில் பட்டதெல்லாம் நிஜம். கட்டடம், பெட்டி, வேலை ஆட்கள், தங்கம் எல்லாம் இருந்தன. ஆனால், அந்தத் தங்கம் கடலில் இருந்து வரவில்லை. வெளியில் விலை கொடுத்து வாங்கி, பெட்டிக்குள் போட்டு எடுத்த தங்கம் அது. பங்கு வாங்கியவர்களின் பணமே தங்கமாகி, அவர்கள் கண் முன்னாலேயே காட்டப்பட்டது.

1898 ஜூலை கடைசியில் ஃபிஷர் காணாமல் போனார். அதோடு பெட்டிகளில் தங்கம் வருவதும் நின்றுவிட்டது. ஜெர்னகன் கப்பல் ஏறி பிரான்ஸ் நாட்டுக்குப் போய்விட்டார். பின்னாளில் பணத்தில் ஒரு பகுதியை அவர் திருப்பி அனுப்பினார். அதையும் ஆலைச் சொத்துகளை விற்ற பணத்தையும் சேர்த்து, பங்குதாரர்களுக்குப் போட்ட முதலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது.

யூரியா விஞ்ஞானி சொன்ன கணக்கு

இதே கடல் தங்கத்தை 1920-களில் இன்னொருவரும் தேடினார். அவர் ஃபிரிட்ஸ் ஹேபர். காற்றில் உள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் வழியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ஜெர்மனி விஞ்ஞானி. இன்று நம் வயலுக்கு வரும் யூரியா, அந்த அம்மோனியாவில் இருந்துதான் தயாராகிறது. முதல் உலகப் போரில் தோற்ற தன் நாட்டின் கடனை அடைக்க, கடலில் தங்கம் எடுக்க முடியுமா என்று ஆராய்ந்தார். கப்பலில் போய், ஆயிரக்கணக்கில் தண்ணீர் மாதிரிகளைச் சோதித்தார். முன்பு கணக்கிட்டதைவிட தங்கம் மிகமிகக் குறைவாக இருந்தது. கட்டுப்படியாகாது என்று அறிவித்துவிட்டு வேலையை நிறுத்திவிட்டார்.

இன்றைய கணக்குப்படி, அட்லாண்டிக் கடலில் 10 கோடி டன் தண்ணீருக்குச் சுமார் 1 கிராம் தங்கம்தான் இருக்கிறது. 'தங்கம் இருக்கிறதா?' என்பது ஒரு கேள்வி. 'எடுத்தால் கட்டுப்படியாகுமா?' என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதிலைச் சொல்லி, இரண்டாவது கேள்வியை மறக்கடிப்பதுதான் ஏமாற்று வேலை.

ஈமு கொடுத்த பாடம்

கொங்கு மண்டலத்து விவசாயிகளுக்கு இது புதிதல்ல. 2012-ம் ஆண்டு ஈமு கோழி நிறுவனங்கள் கவிழ்ந்தபோதும் இதுதான் நடந்தது. பண்ணை நிஜம், பறவை நிஜம், முட்டையும் நிஜம். ஆனால் கறிக்கும் எண்ணெய்க்கும் சொல்லிக்கொள்ளும்படி சந்தை இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் கட்டிய பணம்தான் முன்பு சேர்ந்தவர்களுக்கு மாதத் தொகையாகப் போனது. கடைசியில், கைவிடப்பட்ட பறவைகளுக்குத் தீனி போடக்கூட அரசாங்கம் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

போய்ப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

* நிறுவனம் சொன்ன நாளில் மட்டும் போகாதீர்கள். சொல்லாமல் இன்னொரு நாளும் போங்கள். வாசலில் நிற்கும் டிரைவர், பக்கத்து டீக்கடைக்காரர், வேலை பார்க்கும் ஆட்கள் ஆகியோரிடம் பேச்சுக் கொடுங்கள். சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டாலே பாதி விஷயம் வெளியில் வந்துவிடும்.

* பொருளை யார் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். வாங்குகிறவரின் கடைக்கோ, ஆலைக்கோ நீங்களே போய் விசாரியுங்கள். 'நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்' என்பது சந்தை ஆகாது.

* மருந்து, விதை, கருவி எதுவானாலும் அவர்கள் இடத்தில் காட்டும் செயல்விளக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். மாதிரியை உங்கள் கையால் எடுத்து, உங்கள் வயலில் சிறு அளவில் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

* கம்பெனிப் பதிவுச் சான்று, ஜி.எஸ்.டி எண் இரண்டும் பொதுமக்களிடம் முதலீடு வாங்குவதற்கான அனுமதி அல்ல. ரிசர்வ் வங்கி அல்லது செபி கொடுத்த அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' இணையதளத்தில் சரிபார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம்.

* பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தை வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

* கமிஷனுக்காகச் சொந்தக்காரர்களைச் சேர்த்துவிடுபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, தெரிந்தே பொய் சொல்லி ஆள் சேர்ப்பதும் குற்றம்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கத் தேவையில்லை. உடனே காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். தமிழ்நாடு முதலீட்டாளர்கள் பாதுகாப்புச் சட்டம், 1997-ன்படி நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, ஏலம் விட்டுப் பணம் தர வழி இருக்கிறது. ஆனால், அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். லூபெக் பங்குதாரர்களைப் போல, முழுப் பணமும் திரும்பி வருவது அரிது.

விடிய விடியக் காவல் இருந்த ரயன் சோம்பேறி இல்லை, முட்டாளும் இல்லை. பெட்டியைச் சோதித்தார், பாதரசத்தைச் சோதித்தார், தங்கத்தையும் சோதித்தார். எல்லாம் ஒரே ஒரு இரவில், எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்த இடத்தில். அந்தப் பெட்டியை யாருக்கும் சொல்லாமல் வேறு துறையில், இன்னும் இரண்டு இரவுகள் இறக்கிப் பார்த்திருந்தால் அத்தனை குடும்பங்களின் சேமிப்பும் தப்பித்திருக்கும். மாடு வாங்கும்போது மூன்று வேளை கறந்து பார்க்கிற நாம், கம்பெனியில் பணம் போடும்போதும் அந்த வழக்கத்தை விடக் கூடாது.