சாலையைத் தட்டும் சக்கரங்கள்

எடைமேடையில் நிற்கும் லாரியின் சுமை மாறாதது. இதனை நிலைச்சுமை என்பர். அதே லாரி ஓடத் தொடங்கியதும், சக்கரம் சாலையை அழுத்தும் விசை கணத்துக்குக் கணம் மாறுகிறது. இது இயக்கச்சுமை. இம்மாற்றம் ஏன் நிகழ்கிறது? இதனால் சாலைக்கு நேரும் கேடு யாது?

எந்தச் சாலையும் முற்றிலும் சமமானதன்று. சிறு மேட்டின் மீது சக்கரம் ஏறும்போது வில் பட்டைகள் அமுங்குகின்றன. வண்டியின் உடல் மேலெழுந்து, மீண்டும் தாழ்கிறது. இவ்வாறு அது நொடிக்கு ஏறத்தாழ 2 முதல் 4 முறை ஊசலாடும். அச்சும் சக்கரமும் டயரின் மீள்தன்மையால் நொடிக்கு 10 முதல் 15 முறை வரை துள்ளும். உடல் தாழ்ந்து வில் அமுங்கும்போது சாலையின் மீது சுமை கூடுகிறது, எழும்போது குறைகிறது.

கூடுதலும் குறைதலும் சரியாகிவிடும் அன்றோ எனச் சிலர் வினவலாம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா நகருக்கு அருகே, 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகளில் லாரிகளைத் தொடர்ந்து ஓட்டி ஆராய்ந்தனர். சாலைக்கு நேரும் கேடு, அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளர்வது தெரியவந்தது. சுமை 2 மடங்கானால் கேடு 16 மடங்கு! சுமை ஓரிடத்தில் 20 விழுக்காடு கூடி, அடுத்த இடத்தில் அதே அளவு குறைவதாகக் கொள்வோம். முதலிடத்தில் கேடு 2.07 பங்கு, அடுத்ததில் 0.41 பங்கு. சராசரி 1.24. சுமையின் சராசரி மாறாதிருந்தும், கேடு 24 விழுக்காடு மிகுந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி நொடிக்கு 16.7 மீட்டர் கடக்கிறது. அதன் உடல் நொடிக்கு 3 முறை ஊசலாடினால், மேட்டைத் தாண்டியபின் சுமார் 5.5 மீட்டருக்கு ஒருமுறை சாலையை மிகுதியாக அழுத்தும். ஒத்த அமைப்பும் வேகமும் உடைய லாரிகள் பெரும்பாலும் அதே இடங்களையே தாக்குகின்றன. அங்கே பள்ளம் விழுகிறது. அப்பள்ளம் மேலும் ஓர் ஊசலாட்டத்தை எழுப்புகிறது. ஒரு குழி மறு குழியை ஈனுகிறது எனலாம்.

ஆகவே, அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுவதைத் தடுப்பது மட்டும் போதாது. வண்டியின் அதிர்வுதாங்கிகள் செம்மையாக இருத்தல் வேண்டும். பாலத்தை ஒட்டித் தாழ்ந்த தரையையும், குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய இடத்தையும் உடனே சமன்செய்தல் வேண்டும். இன்று ஒரு கூடை சல்லியில் அடையும் குழியை விட்டுவைத்தால், நாளை அதற்கு மக்களின் வரிப்பணமே விலையாகும்.