உங்களுக்குத் தெரியுமா? மிளகாய் வற்றலில் ஏறிய நஞ்சு

சீனாவின் குய்சோ மாகாணத்தில் குறைந்தது 3,000 பேரை ஆர்சனிக் நஞ்சு தாக்கியது. அது குடிநீரில் வரவில்லை. பெரும்பாலும் மிளகாய் வற்றலில் வந்தது!

• அங்கே அறுவடைக் காலம் குளிரும் ஈரமுமாக இருக்கும். வெயிலை நம்ப முடியாது. அதனால் வீட்டுக்குள், புகைபோக்கி இல்லாத நிலக்கரி அடுப்புக்கு மேலே மிளகாயைத் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். பறித்த மிளகாயில் ஆர்சனிக் 10 லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. புகையில் காய்ந்த வற்றலிலோ சராசரியாக 500 பங்கு. வேதனை என்னவென்றால், அதே புகையைத்தான் வீட்டில் இருந்த குழந்தைகளும் சுவாசித்தார்கள்.

• உலக நிலக்கரியில் ஆர்சனிக்கின் சராசரி அளவு 10 லட்சத்தில் 10 பங்குக்குள் அடங்கும். குய்சோவின் சில கரிகளில் 35,000 பங்கு வரை இருந்தது. அதாவது, கிலோவுக்கு 35 கிராம்!

• ஆர்சனிக் நஞ்சு ஏறியவர்களுக்கு உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்துச் செதிலாகும். சிலருக்குத் தோல் புற்றுநோய்.

• ஃப்ளூரின் செய்த கேடு இதைவிடப் பெரிது. கரித்தூளைக் களிமண்ணோடு பிசைந்து உருண்டை பிடித்து எரிப்பது அங்கே வழக்கமாக இருந்தது. அந்தக் களிமண்ணில் ஃப்ளூரின் மிகுதி. அந்த உருண்டைகளின் புகையில் உலர்ந்த மக்காச்சோளத்தைத் தின்று, குய்சோவிலும் சுற்றுப் பகுதிகளிலும் 1 கோடிப் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பலருக்குப் பல்லில் கறை. எலும்பு வலுவிழந்து கால் வளைந்தவர்களும் உண்டு.